முதலில் படுக்கை, அப்புறம்தான் மூட்டை!

கொங்குச் சாலைகளில் ஓடும் ஆறடி வீடுகள்

இரவு பதினொரு மணிக்கு மேல் கோவை நீலாம்பூர் - மதுக்கரை புறவழிச்சாலையில் போனால், டீக்கடைகளை ஒட்டி லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். விளக்குகள் அணைந்திருக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய லுங்கியோ, பூப்போட்ட திரைச்சீலையோ இழுத்துவிடப்பட்டிருக்கும். ஏறும் படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதைப் போலத்தான் பல ஓட்டுநர்கள் கேபினுக்குள் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அது வீடுதான். ஒரு மாதத்தில் முக்கால்வாசி இரவுகள் அதற்குள்தான் கழிகின்றன.

'கேரவன்' என்றால் நமக்குச் சினிமா நட்சத்திரங்கள் நினைவுக்கு வருவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் தோப்போரம் நிற்குமே, அந்தக் குளிர்சாதன வண்டி. இப்போது குடும்பத்தோடு வேனிலேயே தங்கி ஊர் சுற்றும் ஆசையும் வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் கேரளம் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. 'பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை போட்டு, அடுப்பு வைத்து வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போனால் என்ன?' என்று கோவையில் பல வீடுகளில் பேச்சு ஓடுகிறது.

அப்படி யோசிப்பவர்கள் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்பதற்கு முன்னால், வாளையாரில் தொடங்கி நாமக்கல் வரை ஒரு முறை போய் வரலாம். சிறிய வண்டிக்குள் தூங்குவது எப்படி, சாமான் வைப்பது எப்படி என்பதைப் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்த ஊர்கள் இந்த வழியில் வரிசையாக இருக்கின்றன.

வாளையார்: காத்திருப்பே தூக்கமாக இருந்த இடம்

கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில், மாநில எல்லையில் இருக்கிறது வாளையார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு இந்தச் சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ரசீதைக் காட்டி, முத்திரை வாங்கிக் கடப்பதற்குள் இரவு போய்விடும். சில நேரம் பகலும் போய்விடும். சரக்கு கொடுத்தவருக்கும் வாங்குபவருக்கும் அது எரிச்சல்.

ஓட்டுநருக்கும் எரிச்சல்தான். ஆனால், அந்த வரிசையில்தான் சோறு பொங்கியது. அந்த வரிசையில்தான் துணி காய்ந்தது. கிளீனர் வண்டியைப் பார்த்துக்கொள்ள, ஓட்டுநர் பின்னால் இருந்த பலகையில் காலை நீட்டினார்.

லாரியின் பக்கவாட்டில் தொங்கும் மரப்பெட்டியை அங்கேதான் நன்றாகப் பார்க்க முடியும். கீழ்நோக்கித் திறக்கும் கதவு. திறந்ததும் அந்தக் கதவே மேடையாகிவிடும். உள்ளே பம்ப் ஸ்டவ், ஒரு குக்கர், இரண்டு தட்டு, அரிசி டப்பா, பருப்பு, மிளகாய்ப்பொடி, உப்பு. பக்கத்தில் சேசிஸோடு கட்டிய தண்ணீர் டிரம். கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் சாதம் இந்தச் சமையலறைக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். ஒரே குக்கர், ஒரே அடுப்பு, கழுவ ஒரே பாத்திரம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சமையலறை கேபினுக்கு வெளியே இருப்பது. எண்ணெய்ப் பிசுக்கு, மண்ணெண்ணெய் வாசம், ஈரப் பாத்திரம் எதுவும் படுக்கை இருக்கும் அறைக்குள் வருவதில்லை. ஜாக்கி, ஸ்பேனர், கிரீஸ் டப்பா கீழே உள்ள டூல் பாக்ஸில். ஸ்டெப்னி சேசிஸுக்கு அடியில். தார்ப்பாயும் கயிறும் கேபினுக்கு மேலே உள்ள கேரியரில். உள்ளே வருவது துணிப்பை, போர்வை, ரசீதுகள், சாமி படம், போன் சார்ஜர் மட்டும். வெளியே இருக்க முடிந்தது எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது லாரிக்காரர்கள் எழுதி வைக்காமல் கடைப்பிடிக்கும் முதல் சட்டம்.

பவானி: சுருட்டினால் கைக்குள், விரித்தால் கட்டில்

அவிநாசி, பெருந்துறை தாண்டி வந்தால் சாலைக்குத் தெற்கே சென்னிமலை, வடக்கே பவானி. ஒன்று போர்வைக்குப் பேர்போன ஊர். மற்றொன்று ஜமுக்காளத்துக்கு. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. குழித்தறியில் கையால் நெய்யும் தடித்த பருத்தி விரிப்பு. பட்டை பட்டையாக நிறங்கள். கல்யாண வீட்டில் நூறு பேர் அதன்மேல் உட்காருவார்கள். விசேஷம் முடிந்தால் மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிடலாம்.

மெத்தை அப்படியில்லை. மடிந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஈரம் பட்டால் காயாது. அதனால்தான் கொங்கு நாட்டில் வழிப்பயணம் என்றாலே ஜமுக்காளமும் போர்வையும்தான்.

மாட்டு வண்டிக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். தைப்பூசத்துக்குப் பழநிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் இங்கே ஏராளம். வண்டிக்குள் முதலில் வைக்கோலைப் பரப்புவார்கள். அதற்கு மேல் ஜமுக்காளம். பாட்டியும் குழந்தைகளும் மேலே. அந்த வைக்கோல் வெறும் மெத்தை இல்லை. மாட்டுக்குத் தீவனமும் அதுதான். போகப் போக மாடு தின்னும், படுக்கையின் உயரம் குறையும். வண்டிக்கு அடியில் லாந்தர் தொங்கும். கட்டுச்சோறு தீர்ந்த தூக்குவாளி திரும்பி வரும்போது பஞ்சாமிர்தத்தோடு வரும்.

ஒரு பொருள் ஒரே வேலையை மட்டும் செய்தால் அதற்கு வண்டியில் இடமில்லை என்ற கணக்கு இது. இதே கணக்கை நாம் அடிக்கடி பார்க்கும் இன்னோர் இடம், கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் இரவு ரயில். ஸ்லீப்பர் பெட்டியில் நடு பர்த் பகலில் முதுகு சாயும் பலகை. இரவு பத்து மணிக்குத் தூக்கி மாட்டினால் கட்டில். ஓரத்து இருக்கைகள் இரண்டையும் மடித்துச் சேர்த்தால் இன்னொரு கட்டில். ஒவ்வொரு தடுப்பிலும் எட்டுப் பேர் படுக்கிறார்கள். இப்படித்தான் பழைய ஐ.சி.எஃப். பெட்டியில் 72 பேருக்கும், நீளம் கூடிய எல்.எச்.பி. பெட்டியில் 80 பேருக்கும் படுக்கை கிடைத்தது.

திருச்செங்கோடு: ஊரையே ஏற்றிக்கொண்டு போகும் வண்டி

பவானியில் காவிரியைக் கடந்தால் குமாரபாளையம். அங்கிருந்து சங்ககிரி. கோட்டைக்குப் பேர்போன ஊர் என்றாலும், சுற்றுவட்டாரத்தில் சங்ககிரி என்றதும் முதலில் சொல்வது லாரிகளைத்தான். அங்கிருந்து தெற்கே திரும்பினால் அர்த்தநாரீஸ்வரர் மலை தெரியும். திருச்செங்கோடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

திருச்செங்கோட்டின் அடையாளம் ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. இந்தியாவில் தண்ணீருக்குத் துளை போடும் ஏதோ ஓர் ஊரில் ஒரு ரிக் வண்டி நின்றால், அதன் பதிவு எண் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகும் இந்த வண்டிகள் மாதக்கணக்கில் ஊர் திரும்பாது.

ஒரு வண்டியில் துளைக்கும் இயந்திரமும் கம்ப்ரஸரும். கூடவே வரும் இன்னொரு லாரியில் குழாய்கள், டீசல், உதிரிப் பாகங்கள், ஆட்கள், அவர்களுடைய வாழ்க்கை. ஆயிரம் அடி துளைக்க இருபதடிக் குழாய் 50 வேண்டும். இரும்பு ஏறியது போக மிஞ்சும் இடத்தில்தான் அரிசி மூட்டை, வெங்காயக் கூடை, பாத்திரம், பாய், தலையணை எல்லாம். வேலை செய்பவர்களில் பலர் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். தமிழ் முதலாளி, இந்தி பேசும் தொழிலாளிகள், தெலுங்கு பேசும் விவசாயி என்று ஒரே வண்டியைச் சுற்றி மூன்று மொழி புழங்கும்.

துளை போடும் வேலை இரவு பகல் பார்க்காது. ஒரு செட் வேலையில் இருக்கும்போது மற்றொரு செட் தூங்கும். ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுப்பதும் உண்டு. லாரிக்கு அடியில் தார்ப்பாயை ஏணை கட்டித் தூங்குபவர்களும் உண்டு. நிழலாக இருக்கும், காற்று வரும், இடம் மிச்சம். ஆனால், நிற்கும் வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. தூங்குபவர் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அனுபவப்பட்ட மேலாளர்கள் இதற்காகவே அதட்டுவார்கள்.

படுக்க இடம் ஒதுக்காத வண்டியில் ஆள் வேறெங்காவது படுத்துவிடுவான். அந்த 'வேறெங்காவது' பெரும்பாலும் ஆபத்தான இடமாகவே இருக்கும்.

நாமக்கல்: காற்றில் வந்து வீடாகும் லாரி

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும்போது எதிரே ஒரு விநோதமான வண்டி வரலாம். எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங். அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை. தற்காலிக இருக்கையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் ஓட்டி வருவார். தொழிற்சாலையிலிருந்து நேரே வரும் சேசிஸ் அது. ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வந்தால் பரவாயில்லை. ஜாம்ஷெட்பூரிலிருந்து வெயிலிலும் மழையிலும் அப்படியே ஓட்டி வந்தவர்கள் உண்டு.

அந்த எலும்புக்கூட்டுக்கு உடம்பு கொடுக்கும் ஊர் நாமக்கல். பஸ்ஸுக்குப் பாடி கட்ட கரூர் என்றால், லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல். வெல்டிங், மரவேலை, தகடு அடித்தல், பெயின்டிங், குஷன், படம் எழுதுதல் என்று ஆளுக்கொரு வேலை. சரக்கு ஏற்றும் தொட்டியைவிடக் கேபின்தான் நுணுக்கமான வேலை. தொட்டியில் நெல்லும் இரும்பும் போகும். கேபினில் மனிதர் போகிறார்.

இந்தியாவில் சரக்கு வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது சுமார் எட்டரை அடி. சுவர், தகடு, கதவு போக உள்ளே மிஞ்சும் அகலம் ஆறடி ஆள் குறுக்காகப் படுக்கப் போதுமானது. அதனால் லாரியில் படுக்கை எப்போதும் குறுக்குவாட்டில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். நீளவாக்கில் போட்டால் கேபின் பின்னால் நீளும். நீண்டால் சரக்கு ஏற்றும் இடம் குறையும். குறைந்தால் வாடகை குறையும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் இப்படிப் போட்டி நடக்கும். முதலாளிக்குத் தொட்டி பெரிதாக வேண்டும். ஓட்டுநருக்குக் கால் நீட்ட வேண்டும்.

அதனால் அகலத்தில் கிடைக்காததை உயரத்தில் எடுத்தார்கள். படுக்கைக்கு அடியில் மூடி போட்ட பெட்டி. முன்கண்ணாடிக்கு மேலே நெடுக ஒரு தட்டு. ஆஞ்சநேயரும் முருகனும் அங்கே குடியிருப்பார்கள், பக்கத்தில் ரசீதுக் கட்டு. கதவில் பை. பின்சுவரில் துணி மாட்ட ஒரு கொடி. வண்டி சொந்தக்காரரே ஓட்டுநராக இருந்தால், கேபின் கட்டும்போது பட்டறையில் வந்து பலகையில் ஒரு முறை படுத்துப் பார்த்துவிடுவார். அளவு நாடாவைவிட அது நம்பகமானது.

ஒரே ஊர் வண்டிகளிலும் வித்தியாசம் உண்டு. நாமக்கல்லை மையமாகக் கொண்டு தென்னிந்தியா முழுக்க ஓடும் கேஸ் டேங்கர்களுக்கு அருகே அடுப்பே மூட்ட முடியாது. அவர்கள் சமையல் பெட்டியை மறந்துவிட்டு ஓட்டல்களை நம்ப வேண்டியதுதான். முட்டை ஏற்றும் வண்டிக்காரருக்குச் சரக்கு கெடும் முன் போய்ச் சேர வேண்டிய அவசரம். கோவை மோட்டார் பம்புசெட் ஏற்றியவருக்கு அந்த அவசரம் இல்லை; ஆனால் தார்ப்பாயை யாராவது அறுத்துவிடுவார்களோ என்று ஒரு காது எப்போதும் விழித்திருக்கும்.

பலகை இருக்கிறது... யார் தூங்குவது?

லாரித் தூக்கத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும், மாற்று ஓட்டுநர் உடலை நீட்டித் தூங்கும்படி அது இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. அரசு விதிப் புத்தகத்தில் ஒரு மனிதன் காலை நீட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார்கள்!

அதற்கும் முன்பே, 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர வண்டிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. சாலையில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்பது வேறு கதை.

2018-ல் இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. ஓட்டுநர் கிடைக்கவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கிளீனர் வேலைக்கும் இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது. முன்பு 'டபுள் டிரைவர், ஒரு கிளீனர்' என்று மூன்று பேர் ஏறிய கேபினில் இப்போது பல வண்டிகளில் ஒருவர் மட்டும்.

இடம் தாராளமாகிவிட்டதே என்று தோன்றலாம். நடந்தது வேறு. இரண்டு பேர் இருந்தபோது வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். ஒருவர் மட்டும் என்றால், அவர் தூங்க வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். நின்றால் போய்ச் சேரும் நேரம் தள்ளிப்போகும். வாளையார் வரிசையும் இல்லை, டோல்கேட்டில் ஃபாஸ்டேக். நிற்பதற்குச் சாக்கு சொல்ல எதுவும் பாக்கி இல்லை. பின்னால் இருக்கும் பலகையில் மெள்ள மெள்ளப் பைகளும் தண்ணீர் கேன்களும் ஏறுகின்றன. படுக்கை, பரணாகிவிடுகிறது.

வேறு ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும்போதே கேபினில் ஏ.சி.யோடு வர வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. கோடையில் எஞ்சின் சூட்டோடு போராடும் ஓட்டுநருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சாதாரணமாக இந்த ஏ.சி. எஞ்சின் ஓடினால்தான் ஓடும். மதிய வெயிலில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் கண்ணயர நினைப்பவர், எஞ்சினை ஓடவிட்டால் டீசல் கணக்கு கேட்பார்கள். அணைத்தால் வேர்த்துக் கொட்டும். அவருக்கு இன்றும் துணை திரைச்சீலை, திறந்த ஜன்னல், கொசுவலை, ஒரு வேப்பமர நிழல்தான்.

தொழிற்சாலையிலேயே கேபின் மாட்டி வரும் லாரிகள் இப்போது பெருகிவிட்டன. படுக்கை, அடியில் பெட்டி, மேலே தட்டு எல்லாம் அச்சில் வார்த்ததுபோல அழகாக இருக்கின்றன. அந்தப் படுக்கையில் படுப்பதற்கான நேரத்தைத்தான் எந்தத் தொழிற்சாலையாலும் தயாரித்துத் தர முடியாது. தூக்கக் கலக்கத்தில் ஒரு லாரி தடம் மாறினால், எதிரே வரும் காரிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. லாரிக்காரரின் ஆறடிப் பலகை அவருடைய பிரச்னை மட்டும் இல்லை.

உங்கள் வேனுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

குடும்பத்தோடு வேனில் தங்கிப் போக நினைப்பவர்களுக்கு இந்த வழியில் பார்த்த ஒவ்வொன்றும் பயன்படும்.

முதலில், படுக்கையை அளந்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். வீட்டில் உயரமானவர் யாரோ, அவர் தரையில் படுத்து, கால் நீட்டி, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு அளக்க வேண்டும். லாரியைப் போலக் குறுக்காகப் படுக்க வேனில் முடியாது. ஈகோ போன்ற சிறிய வேனின் வெளி அகலமே 1,475 மி.மீ., ஐந்தடிகூட இல்லை. அதனால் நீளவாக்கில்தான் பலகை. இரண்டு துண்டாகச் செய்து, பகலில் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்தால் நடமாட இடம் கிடைக்கும். ரயிலின் நடு பர்த் கற்றுத்தரும் பாடம் இது.

இரண்டாவது, பலகையின் உயரம். ஆறடி நீளம், நான்கடி அகலப் பலகையைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தினால் அடியில் 24 கன அடி இடம் கிடைக்கும். அதாவது சுமார் 680 லிட்டர். வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டுக்கு மேல். இன்னும் உயர்த்தினால் இன்னும் சாமான் வைக்கலாம்தான். ஆனால் பலகைக்கு மேல் மூன்றடியாவது இல்லாவிட்டால் நிமிர்ந்து உட்கார முடியாது. மழை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வண்டிக்குள் இருக்க நேர்ந்தால், அந்த மூன்றடியின் அருமை தெரியும்.

மூன்றாவது, கனமானது கீழே, லேசானது மேலே. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 லிட்டர் கேன் இரண்டை ஓரமாக வைத்தால், ஒரு பெரிய ஆளை ஒரே பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி. வால்பாறைச் சாலையில் ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் வரும். மேலே வைத்த பாத்திர மூட்டை அங்கே சும்மா இருக்காது. தண்ணீர், அரிசி, கருவிகள் இரண்டு பக்கமும் சமமாக, தரையோடு. போர்வை, துணி மேலே. வண்டி ஓடும்போது யாரும் பலகையில் படுக்கக் கூடாது. எல்லோரும் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு.

நான்காவது, இரவில் கை நீட்டினால் கிடைக்க வேண்டியவை தனி. டார்ச், தண்ணீர் பாட்டில், மாத்திரை, மூக்குக்கண்ணாடி, வண்டிச் சாவி. இவை ஐந்தும் தலைமாட்டில் ஒரு பையில் இருக்கட்டும். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், மூட்டையைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஐந்தாவது, அடுப்பு வெளியே. பின்கதவைத் திறந்தால் எட்டும்படி ஒரு சமையல் பெட்டி போதும். லாரிக்காரரின் மரப்பெட்டிதான் அதற்கு மாதிரி. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிப்பதோ, ஜெனரேட்டர் புகை உள்ளே வரும்படி விடுவதோ, எஞ்சினை ஓடவிட்டு ஜன்னலை அடைத்துத் தூங்குவதோ கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் தூங்கிய இருவர் மறுபடி எழவில்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கும்போது எதிரெதிர் ஜன்னல் இரண்டைக் கொசுவலையோடு திறந்து வைப்பது செலவில்லாத காப்பு.

ஆறாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கழற்றி எடுக்கக்கூடிய பலகையும் பெட்டிகளும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். இருக்கையை நிரந்தரமாக எடுப்பது, கூரையை உயர்த்துவது என்றால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். கேரவனாகவே மாற்றுவதற்குத் தனித் தரநிலை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டால், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரலாம்.

மெத்தைக்குக் கடை கடையாக அலைய வேண்டாம். பவானி ஜமுக்காளம் இரண்டு, சென்னிமலைப் போர்வை ஆளுக்கொன்று. பகலில் மரத்தடியில் விரித்தால் சாப்பாட்டுப் பாய், மாலையில் மடித்தால் முதுகுக்குத் தலையணை, இரவில் படுக்கை.

இப்படி எல்லாம் தயார் செய்துகொண்டு ஒரு விடிகாலையில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீலாம்பூர் தாண்டும்போது ஓரத்தில் திரை போட்ட லாரிகள் நின்றால், ஹாரன் அடிக்காமல் போங்கள். அவரும் இப்போதுதான் காலை நீட்டியிருப்பார்.